இருபத்தெட்டாம் தேதி செத்துப் போகாதே!

"ஆ...ஆ...ஆ...!"

கஸில்டாவின் அலறலில் ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்திருந்த புறாக்கள் பதறிப் பறந்தன.

சமையலறைத் தரையில் இனிகோ குப்புறக் கிடந்தான்.

முதுகில் கத்தி. பிடி மட்டும் வெளியே தெரிந்தது. வெள்ளைச் சட்டை பூராவும் சிவப்பு. அந்தச் சிவப்பு பலகைத் தரையின் இடுக்குகளில் இறங்கி, அடுப்படி வரைக்கும் ஓடியிருந்தது.

குளித்துவிட்டுத் தலையில் துண்டோடு வந்தவள் சுவரைப் பிடித்துக் கொண்டாள்.

"பெகோன்யா...! ருஃபினோ...! ஓடி வாங்க...! இனிகோவை யாரோ... யாரோ..."

இரண்டு பேரும் ஓடி வந்தார்கள். பார்த்தார்கள்.

அடுத்த விநாடி...

சிரித்தார்கள்!

"அப்பாவி...! அப்பாவி...!" பெகோன்யா கை தட்டிக் கொண்டே குதித்தாள். "இந்த வருஷமும் முதல் போணி நீதாண்டி!"

கஸில்டாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

டிசம்பர் இருபத்தெட்டு!

ஸ்பெயின்காரர்கள் ஏப்ரல் ஒன்றாம் தேதியைச் சட்டை செய்ய மாட்டார்கள். ஊரை ஏமாற்றுவதற்கென்றே அவர்கள் ஒதுக்கி வைத்திருக்கும் நாள் இதுதான். பேப்பரில் பொய்ச் செய்தி வரும். முதுகில் காகிதப் பொம்மை ஒட்டுவார்கள். ஏமாந்தவரைச் சுற்றி நின்று 'அப்பாவி... அப்பாவி...' என்று கத்துவார்கள். ஏமாந்தவர் முகம் சுளிக்கக் கூடாது. சிரித்துக் கொண்டே ஏற்றுக் கொள்ள வேண்டும்.

இனிகோவின் முதுகிலும் ஒரு காகிதப் பொம்மை பல்லை இளித்தது.

கஸில்டா குனிந்து ரத்தத்தைத் தொட்டாள். முகர்ந்தாள்.

ஸ்ட்ராபெர்ரி வாசனை!

கத்தியைப் பிடித்து இழுத்தாள். வழவழவென்று வளைந்து கொண்டு கையோடு வந்தது.

ரப்பர்!

"சீ..." என்று கத்தியை வீசினாள். "எழுந்திருடா எருமை! இன்னும் என் நெஞ்சு அடிச்சுக்குது!"

எருமை எழுந்திருக்கவில்லை.

"தொழில் பக்தி," என்றான் ருஃபினோ. ஒல்லியான உடம்பு, தூக்கம் கெட்ட கண்கள். "நாடகக் கம்பெனியில மேக்கப் போடறவன் இல்லையா? சாவுன்னா இவனுக்கு அல்வா சாப்பிடற மாதிரி."

"அப்படியே கிடக்கட்டும்." பெகோன்யா கைப்பையைத் தோளில் மாட்டினாள். "நாலரை மணிக்கு அல்ஹாம்ப்ரா டிக்கெட். ரெண்டு மாசம் முன்னாடி நான் கம்ப்யூட்டர் முன்னாடி தவம் கிடந்து வாங்கினது. அஞ்சு நிமிஷம் லேட்டானாலும் உள்ளே விட மாட்டான். பிணத்துக்காகவெல்லாம் காத்திருக்க முடியாது!"

நான்கு பேரும் புர்கோஸ் நகரத்துக்காரர்கள். ஒரே கல்லூரி. இருபது வருஷ நட்பு. ஒவ்வொரு டிசம்பர் கடைசியிலும் குடும்பம், குட்டி, வேலை எல்லாவற்றையும் உதறிவிட்டு மூன்று நாள் ஒரு ஊருக்குப் போவார்கள். இந்த வருஷம் கிரனாடா. அல்பைசின் மலைச் சரிவில் ஒரு பழைய வீட்டின் மாடி. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் குன்றில் செம்மண் நிறத்தில் அல்ஹாம்ப்ரா கோட்டை. அதற்குப் பின்னால், யாரோ வெள்ளைப் போர்வையை உதறிக் காயப் போட்ட மாதிரி, பனி மூடிய மலைத்தொடர்.

கஸில்டா அந்த மலையை இரண்டு நாளாகக் கனவு மாதிரி பார்த்துக் கொண்டிருந்தாள்.

இப்போது பார்க்கத் தோன்றவில்லை.

"நீங்க முன்னாடி போங்க. தலையைத் துவட்டிட்டு வரேன்."

"சீக்கிரம் வா." ருஃபினோ அவள் முதுகில் தட்டிக் கொடுத்துவிட்டு வெளியேறினான்.

மாடிப்படியில் சிரிப்புச் சத்தம் இறங்கிப் போயிற்று.

"சபையே கலைஞ்சாச்சு," என்றாள் கஸில்டா. "எழுந்திருடா."



இடுப்பில் கிச்சுக்கிச்சு மூட்டினாள். கல்லூரி நாட்களில் இனிகோவை மடக்குவதற்கு அது ஒன்றுதான் வழி. துள்ளிக் குதிப்பான்.

துள்ளவில்லை.



கழுத்தில் விரல் வைத்தாள். புர்கோஸில் ஒரு கால்நடை ஆஸ்பத்திரியில் பதினாறு வருஷமாக வேலை பார்க்கிறாள். நாயோ, ஆடோ... நாடி என்பது நாடிதான்.

ஒரு துடிப்பு...

நீண்ட இடைவெளி...

இன்னொரு துடிப்பு!

அவசரமாக இமையைத் தூக்கினாள். வெளிச்சம் பட்டும் கருமணி அசையவில்லை. உதட்டில் லேசாக நீலம்.

இது மேக்கப் இல்லை!

பொய்ப் பிணத்துக்குள் ஒரு நிஜப் பிணம் தயாராகிக் கொண்டிருந்தது!

"பெகோன்யாஆஆ...!" ஜன்னலுக்கு ஓடினாள். கீழே கூழாங்கல் சந்தில் இரண்டு பேரும் திரும்பி நிமிர்ந்து பார்த்தார்கள். "அவன் நிஜமாவே சாகறான்! நாடி விழுந்துக்கிட்டே போகுது! மேலே வாங்க!"

பெகோன்யா இடுப்பில் கை வைத்தாள். "ஆஹா...! இப்போ நீயும் அவன்கூடக் கூட்டுச் சேர்ந்துட்டியா?"

"சத்தியமாடி!"

"முதல் ஆட்டமே பிரமாதம். ரெண்டாவது ஆட்டத்துக்கு எங்களுக்கு நேரமில்லை. அல்ஹாம்ப்ரா வாசல்ல வந்து சேரு!"

"ஏய்... நாய்க்கு நாடி பார்த்தே பழகிட்ட!" என்று ருஃபினோ சிரித்தான். "மனுஷ நாடி வேற!"

சந்து வளைவில் மறைந்து விட்டார்கள்.

கஸில்டா ஜன்னல் கட்டையை ஓங்கிக் குத்தினாள். கைதான் வலித்தது.

*

அவசர உதவி எண்ணை அழுத்தினாள்.

"சொல்லுங்க மேடம்." இளம் பெண்ணின் குரல்.

"ஒரு ஆள் நினைவில்லாம கிடக்கான். உடனே ஆம்புலன்ஸ் வேணும்." முகவரியைக் கொட்டினாள்.

மறுமுனையில் சின்னத் தயக்கம்.

"அல்பைசின்... அந்த வீட்டு மாடியா மேடம்?"

"ஆமா!"

"ரத்தம் வருதா?"

"வருது... இல்லை... அது ஸ்ட்ராபெர்ரி!"

"ஸ்ட்ராபெர்ரி?"

"ரத்தம் பொய். கத்தி ரப்பர். ஆனா ஆள் நிஜம்! அவன் சாகறது நிஜம்!"

அந்தப் பெண் கஷ்டப்பட்டுச் சிரிப்பை அடக்குவது கேட்டது.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. உங்க வீட்லேருந்து ஒரு ஜென்டில்மேன் மத்தியானமே போன் பண்ணிட்டார். 'ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்து விளையாடறோம். ஒருத்தர் சாகற மாதிரி நடிப்பார். யாராவது பதறிப் போய்க் கூப்பிட்டா நம்பாதீங்க. ஆம்புலன்ஸை வீணாக்க எனக்கு மனசு வரல'ன்னு சொன்னார். எவ்வளவு பொறுப்பான மனுஷர்!"



"ஜென்டில்மேனா...? பேர் என்ன?"

"பேர் சொல்லலை மேடம். ஆண் குரல். இன்னிக்கு மட்டும் ஏகப்பட்ட போலி அழைப்பு. தயவுசெஞ்சு லைனை விடுங்க. அப்பாவிகள் தின வாழ்த்துகள்!"

டொக்.

வீட்டில் இருந்த ஆண்கள் இரண்டு பேர்.

ஒருவன் தரையில் கிடக்கிறான்.

இன்னொருவன்...

ருஃபினோ!

"அவனா... அவனா...?" என்று வாய்விட்டுக் கேட்டாள். போன ஈஸ்டருக்கு அவள் வீட்டுக் கூரை ஒழுகியபோது ஏணி போட்டு ஏறியவன். அவனா நண்பனுக்கு எதையோ கொடுத்துவிட்டு, காப்பாற்ற யாரும் வராதபடி கதவையும் சாத்தியிருக்கிறான்?

யோசிக்க நேரமில்லை. இனிகோவைக் கஷ்டப்பட்டு ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். கம்பளியைப் போர்த்தினாள். தூக்கிக் கொண்டு ஓடலாம் என்றால் ஆள் தொண்ணூறு கிலோ. நாயாக இருந்தால் எந்த ஊசியை எவ்வளவு போடுவது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். கையில் ஊசியும் இல்லை, கிடப்பது நாயும் இல்லை.

பெகோன்யாவுக்கு அடித்தாள். கட் செய்தாள் மகராசி. ருஃபினோவுக்கு அடிக்கப் பயமாக இருந்தது. நால்வர் குழுவில் ஒரு செய்தி மட்டும் தட்டினாள்.

'சத்தியமா சொல்றேன், இதயம் நின்னுக்கிட்டே வருது.'

பெகோன்யாவிடமிருந்து சிரிக்கிற மஞ்சள் முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன.

கஸில்டா செருப்புகூடப் போடாமல் படியிறங்கி ஓடினாள்.

*

மருந்துக் கடை பூட்டியிருந்தது. மத்தியானத் தூக்கம் முடிந்து ஐந்து மணிக்குத்தான் திறப்பார்கள்.

முனையில் இருந்த பாரில் மட்டும் வெளிச்சம். உள்ளே பாய்ந்தாள்.

"யாராவது வாங்க...! என் ஃப்ரெண்ட் சாகக் கிடக்கான்...! தூக்கறதுக்கு நாலு ஆள் வேணும்...!"

கையில் கிளாஸோடு நின்ற ஆறேழு பேரும் அவளைப் பார்த்தார்கள். ஒருவன் நகர்ந்து அவள் பின்பக்கமாக எட்டிப் பார்த்தான்.

வெடித்துச் சிரித்தான்!

"அப்பாவி...! அப்பாவி...!"

"என்னய்யா சிரிப்பு? சாகக் கிடக்கான்கறேன்!"

பார்க்காரர் கண்ணைத் துடைத்துக் கொண்டார். "ஏம்மா, நடிக்க வரவங்க முதுகைப் பார்த்துட்டு வர வேணாமா?"

கஸில்டா கையை வளைத்துத் துழாவினாள். ஸ்வெட்டரின் முதுகில் காகிதப் பொம்மை!

ருஃபினோ தட்டிக் கொடுத்தானே... அப்போது ஒட்டியிருக்கிறான்!

போனில் ஒரு பூட்டு. முதுகில் ஒரு பூட்டு. படுபாவி எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறான்!

"இது வேற, அது வேற! நம்புங்க!" குரல் உடைந்தது.

"அழுகைகூட நல்லா வருது," என்றான் ஒருவன் நிஜமான மரியாதையோடு.

பார்க்காரர் ஒரு தட்டில் பொரித்த கத்தரிக்காயை வைத்துத் தேன் ஊற்றி அவள் பக்கம் தள்ளினார். "இந்த ஊர்ல குடிச்சாத்தான் தின்ன ஓசியில குடுப்போம். நீ குடிக்காமலே சாப்பிடு. நடிப்புக்கு!"

கஸில்டாவுக்கு அந்தத் தட்டை எடுத்து அவர் தலையில் கவிழ்க்க வேண்டும் போலிருந்தது. கத்த வேண்டும் போலிருந்தது. கத்தித்தான் என்ன? கத்தினால் இன்னொரு தட்டு வைப்பார்கள்.

திரும்பி ஓடினாள்.

உண்மையைச் சொன்னால் இந்த ஊரில் இன்று ஒருத்தனும் வர மாட்டான்!

*

கீழ் வீட்டுக் கதவைப் படபடவென்று தட்டினாள்.

ஒரு சாண் திறந்தது. வலை போட்ட நரைத் தலை. கோபமான மூக்கு. வீட்டுக்காரி ஆங்குஸ்தியாஸ் அம்மாள்.

"அம்மா... மாடியில வாடகைக்கு வந்திருக்கோம்... என் ஃப்ரெண்ட் சாகறான்..."

"மணி என்ன தெரியுமா?"

"அம்மா, அவன் சாக..."

"தூங்கற நேரம்! என் புருஷன் இந்த வீட்லதான் செத்தார். அஞ்சு மணி அடிச்சு, நான் எழுந்து, காபி போட்டுக் குடிச்சதுக்கப்புறம்தான் செத்தார். மரியாதை தெரிஞ்ச மனுஷர்!"

"ஒரு போன் மட்டும் பண்ணுங்கம்மா! நீங்க சொன்னா நம்புவாங்க!"

"இன்னிக்கு என்ன தேதின்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? எழுபது வருஷமா என்கிட்ட இந்த விளையாட்டு பலிச்சதில்லை." கதவு மூட ஆரம்பித்தது. "மேலேருந்து ஒரு சத்தம் கேட்டுது... போலீசைக் கூப்பிடுவேன். என் தங்கச்சி மகன் ஹெனாரோ போலீஸ்லதான் இருக்கான். மூணாவது நிமிஷம் வந்து நிப்பான்!"

டமார்!

கஸில்டா அந்த மூடிய கதவையே பார்த்துக் கொண்டு நின்றாள்.

மூணாவது நிமிஷம்...?

இரண்டிரண்டு படிகளாகத் தாவி ஏறினாள்.

பெகோன்யா நேற்றுக் கடைவீதியில் ஆசைப்பட்டு வாங்கிய ஃபிளமெங்கோ ஆட்டச் செருப்பு அட்டைப் பெட்டியில் இருந்தது. குதிகாலில் ஆணி வரிசை. காலை உள்ளே திணித்தாள். அளவு பற்றவில்லை. பல்லைக் கடித்துக் கொண்டு திணித்தாள்.

இனிகோவின் நாடியை ஒரு முறை பார்த்தாள். இன்னும் மெதுவாகியிருந்தது.

"செத்துடாதேடா. இன்னிக்கு மட்டும் செத்துடாதே. ஒருத்தனும் நம்ப மாட்டான்!"

பலகைத் தரையின் நடுவில் போய் நின்றாள்.

தடால்!

தடால்... தடால்... தட தட தடால்!

வாழ்நாளில் ஆடியதில்லை. புர்கோஸ் குளிரில் கால் நடுங்கும், ஆடாது. இப்போது குதித்தாள். உதைத்தாள். நண்பர்கள் மேலிருந்த கோபம், போன் பெண் மேலிருந்த கோபம், கத்தரிக்காய் மேலிருந்த கோபம்... எல்லாவற்றையும் குதிகாலுக்கு இறக்கினாள். போதாதென்று வாணலியை எடுத்துக் கரண்டியால் அடித்தாள்.

கீழிருந்து துடைப்பக் கட்டையால் இடிக்கும் சத்தம்.

டொக் டொக் டொக்!

"அப்படித்தான்...! கூப்பிடு...! கூப்பிடு...!"

தடால் தடால் தடால்!

வாசலில் நிழல்.

போலீசா?

ருஃபினோ!

மூச்சு வாங்கிக் கொண்டு நின்றான். முகத்தில் சிரிப்பு இல்லை. கண்கள் தரையில் கிடந்த இனிகோவின் மேல்.

"கிட்ட வராதே!" கஸில்டா வாணலியை ஓங்கினாள்.

"அந்தச் செய்தி... இதயம்னு போட்டிருந்தியே... நிஜமா?"

"உனக்குத் தெரியாதா? என்ன குடுத்தே அவனுக்கு?"

ருஃபினோ வெலவெலத்துப் போனான்.

"உப்பு... உப்புதான் போட்டேன் கஸில்டா...! சத்தியமா வெறும் உப்பு...! ஒரே ஒரு கரண்டி...!"

"எதுல?"

"காபியில..."

"உப்பு போட்டா இதயம் நிக்குமாடா?"

அவன் பதில் சொல்வதற்குள் படிகளில் பூட்ஸ் சத்தம். தூக்கக் கலக்கத்தில் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்த ஒரு போலீஸ் அதிகாரி. அவர் முதுகுக்குப் பின்னால் ஆங்குஸ்தியாஸ் அம்மாள், துடைப்பத்தோடு.

"இவதான் ஹெனாரோ! பிடிச்சு உள்ளே போடு! சத்தம்னாகூடப் பொறுத்துப்பேன். தாளமே இல்லாம ஆடறா! கிரனாடாவுக்கு வந்து இப்படி ஆட இவளுக்கு எவ்வளவு துணிச்சல்?"

"மேடம், தூங்கற நேரத்துல..." என்று ஆரம்பித்த ஹெனாரோ தரையைப் பார்த்தார். சிவப்பைப் பார்த்தார். கழன்று கிடந்த காகிதப் பொம்மையைப் பார்த்தார். உதட்டோரம் மெல்ல விரிந்தது. "ஓ... நல்லா இருக்கே! என் டிபார்ட்மெண்ட்ல போன வருஷம்..."

"சிரிக்காதீங்க!"

கஸில்டாவின் கத்தலில் துடைப்பம் கீழே விழுந்தது.

"சார், அபராதம் போடுங்க. ஜெயில்ல போடுங்க. இனிமே என் வாழ்க்கையில ஆட மாட்டேன்னு எழுதித் தரேன். அதுக்கு முன்னாடி அவன் கழுத்துல ரெண்டு விரல் வைங்க! ரெண்டே ரெண்டு விரல் சார்!"

ஹெனாரோ அலுப்போடு குனிந்தார். "எழுந்திருங்க சார். ஆட்டம் முடிஞ்சுது..."

விரல் கழுத்தில் பட்டது.

அவர் முகத்திலிருந்த தூக்கம் மொத்தமாகக் கலைந்தது. இடுப்பிலிருந்த வயர்லெஸ்ஸைப் பிடுங்கினார்.

"ஆம்புலன்ஸ்! உடனே! சந்துக்குள்ள வண்டி வராது, ஸ்ட்ரெச்சரைத் தூக்கிட்டு ஓடி வாங்க! ஆமாய்யா... நான் ஹெனாரோ பேசறேன்... விளையாட்டு இல்லை!"

கஸில்டா அப்படியே தரையில் உட்கார்ந்து விட்டாள். அழுகை வந்தது. கால் எரிந்தது.

*

இனிகோவை ஸ்ட்ரெச்சரில் ஏற்றிக் கொண்டு போன டாக்டர் வாசலில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்.

"இதய மருந்து. அளவுக்கு மேல உள்ளே போயிருக்கு. இன்னும் அரை மணி ஆகியிருந்தா என்னால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது."

ஹெனாரோ ருஃபினோ பக்கம் திரும்பினார். கையில் விலங்கு.

"உப்பு போட்டேன்னு சொன்னது நீங்கதானே? உப்புக்கும் இதய மருந்துக்கும் வித்தியாசம் தெரியாதா சார்?"

"அவர்தான் சார்!" என்றாள் கஸில்டா. இருபது வருஷம் 'டா' போட்டுக் கூப்பிட்டவனை 'அவர்' என்று சொன்னது அவளுக்கே விநோதமாக இருந்தது. "மத்தியானமே உங்க ஆளுங்களுக்குப் போன் பண்ணி, யார் கூப்பிட்டாலும் நம்பாதீங்கன்னு சொல்லி வெச்சிருக்கார்!"

"நானா?" ருஃபினோ விழித்தான். "நான் யாருக்கும் போன் பண்ணலை! பொம்மை ஒட்டினேன். காபியில உப்பு போட்டேன். அவ்வளவுதான்!"

"அந்தப் போன் பதிவாகியிருக்கும்." ஹெனாரோ கன்ட்ரோல் ரூமைப் பிடித்தார். ஸ்பீக்கரைப் போட்டு மேஜை மேல் வைத்தார்.

கரகரப்பு. பிறகு ஒரு குரல்.

"...வணக்கம். ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்து விளையாடறோம். ருஃபினோன்னு ஒருத்தர் மயங்கி விழுந்து சாகற மாதிரி நடிப்பார். யாராவது பதறிப் போய்க் கூப்பிட்டா நம்பாதீங்க..."



அந்தக் குரல்...

இனிகோவின் குரல்!

"நான் எங்கே நடிக்கறேன்னு சொன்னேன்?" ருஃபினோ முணுமுணுத்தான். "எனக்கு நடிக்கவே வராதே..."

"காபி எப்படிக் குடிச்சீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க." ஹெனாரோவின் குரல் மாறியிருந்தது.

"கஸில்டா குளிக்கப் போயிருந்தா. பெகோன்யா காபி போட்டா. இனிகோ ட்ரேயை வாங்கிட்டு வந்து, எனக்கு ஒரு கப்பை எடுத்துக் கையில குடுத்தான்..."

"அவரே எடுத்துக் குடுத்தாரா?"

"ஆமா. நான் அவனை ஏமாத்தணும்னு நினைச்சேன். என் கப்புல ஒரு கரண்டி உப்பைக் கலந்தேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிப் பனியைப் பார்த்தப்போ, சத்தம் போடாம ரெண்டு கப்பையும் மாத்தி வெச்சுட்டேன். ஒரு வாய் குடிச்சான். முகம் மாறிச்சு. 'உப்பா? பரவாயில்லையே, தேறிட்டே'ன்னு சிரிச்சான். ஏமாந்தவன் முகம் சுளிக்கக் கூடாதில்லையா... கடைசிச் சொட்டு வரைக்கும் ஒரே மூச்சுல குடிச்சுட்டு, பிணமா நடிக்கறதுக்குச் சமையலறைக்குப் போனான்..."

ருஃபினோவின் குரல் அங்கேயே நின்று விட்டது.

ஹெனாரோ மெல்ல விசிலடித்தார். "கசப்பை உப்பு மறைச்சிடுச்சு."

"அப்போ... அந்தக் கப்..." கஸில்டா திணறினாள்.

"உங்க நண்பர் ருஃபினோவுக்காகத் தயாரானது மேடம். முதல்ல இனிகோ சாகற மாதிரி நடிப்பார். நீங்க எல்லாரும் சிரிப்பீங்க. அவர் எழுந்திருப்பார். கொஞ்ச நேரத்துல ருஃபினோ விழுவார். பதிலுக்கு நடிக்கறார்னு அப்பவும் சிரிப்பீங்க. யாருக்காவது சந்தேகம் வந்து போன் பண்ணினாலும் ஆம்புலன்ஸ் வராது." ஹெனாரோ விலங்கை இடுப்பில் மாட்டிக் கொண்டார். "ஊரே சிரிச்சுக்கிட்டு நிக்க, ஒரு கொலை! ஏன் சார்? உங்க மேல அவருக்கு என்ன அவ்வளவு கோபம்?"

ருஃபினோ நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தான். கைகளால் முகத்தை மூடிக் கொண்டான்.

"மார்ச் மாசம்... மழை. இனிகோதான் காரை ஓட்டினான். நான் பக்கத்துல. ஒரு பெரியவர் சைக்கிள்ல வந்தார்... இடிச்சுட்டான். நிறுத்துடா, நிறுத்துடான்னு கத்தினேன். நிறுத்தலை. மறுநாள் பேப்பர்ல அவர் செத்துட்டார்னு போட்டோ வந்துது." விரல்களுக்கு நடுவே கண்ணீர். "அதுலேருந்து எனக்குத் தூக்கமே இல்லை. இங்கே வர ரயில்ல அவன்கிட்ட சொன்னேன். 'இந்த மூணு நாள் சந்தோஷமா இருப்போம்டா. ஊர் திரும்பினதும் போலீஸ்ல எல்லாத்தையும் சொல்லிடப் போறேன்'னு. அவன் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'சரிடா... நீ சொல்றதுதான் நியாயம்'னான்..."



கஸில்டா தன் காலைப் பார்த்தாள். குதிகால் வெடித்து, ஆட்டச் செருப்பின் விளிம்பில் நிஜமான ரத்தம் கோடாக இறங்கியிருந்தது.

இதற்காகவா ஓடினேன்? இனிகோவுக்காகவா கெஞ்சினேன்?

"ருஃபினோ..." என்றாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக் கொண்டாள். "மன்னிச்சுக்கடா. வாணலியால அடிச்சே கொன்னிருப்பேன் உன்னை."

அப்போதுதான் வாசலில் பெகோன்யா வந்து நின்றாள். கையில் அல்ஹாம்ப்ரா படம் போட்ட பை. போலீஸ்காரரைப் பார்த்தாள். அழுகிற ருஃபினோவைப் பார்த்தாள்.

கை தட்ட ஆரம்பித்தாள்.

"அடப் பாவிகளா...! போலீஸ் வேஷத்துக்கு ஆள் வேற பிடிச்சிருக்கீங்களா...? அப்பாவி...! அப்பா..."

ஹெனாரோ தன் அடையாள அட்டையை அவள் மூக்குக்கு நேராக நீட்டினார்.

தட்டிய கைகள் காற்றிலேயே நின்றன.

*

மறுநாள் காலை.

ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வெளியே புதுப் பனி விழுந்து மலை இன்னும் வெளுத்திருந்தது. கஸில்டா காலில் கட்டோடு அறையின் மூலையில் நின்றாள். வரக் கூடாது என்றுதான் நினைத்தாள். வராமல் இருக்க முடியவில்லை. இருபது வருஷம் பழகிய முகம் கண்ணைத் திறந்து என்ன சொல்கிறது என்று கேட்டாக வேண்டும்.

இனிகோ கண் திறந்தான்.

முதலில் கூரை. பிறகு கஸில்டா. பிறகு, கட்டிலின் கம்பியோடு சேர்த்துப் பூட்டப்பட்டிருந்த தன் கை. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஹெனாரோ.

"உங்க குரல் பதிவுல ரொம்பத் தெளிவா இருக்கு சார்," என்றார் ஹெனாரோ. "மருந்து பாட்டில் உங்க மேக்கப் பெட்டியிலேயே கிடைச்சுது. சைக்கிள் பெரியவர் விஷயத்தை உங்க நண்பர் வாக்குமூலமா குடுத்துட்டார். ருஃபினோவைக் கொல்ல முயற்சி பண்ணினதுக்காக உங்களைக் கைது பண்றேன்."

இனிகோவின் வெளிறிய உதடுகளில் அந்தப் பழைய, எல்லாரையும் மயக்குகிற சிரிப்பு மெல்ல எட்டிப் பார்த்தது.

"கொலையா...? என்ன சார் நீங்க...! சும்மா ஒரு தமாஷ்...! அப்பாவிகள் தினத்துல இதையெல்லாமா பெரிசா எடுத்துக்கறது...? கஸில்டா, நீயாவது சொல்லேன்...!"

கஸில்டா ஜன்னல் பக்கம் திரும்பிக் கொண்டாள்.

ஹெனாரோ சுவரிலிருந்த காலண்டரில் நேற்றைய தாளைச் சர்ரென்று கிழித்துக் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டார்.

"நேத்தே சொல்லியிருந்தா நானும் கை தட்டியிருப்பேன் சார். இன்னிக்குத் தேதி இருபத்தொன்பது!"